அன்றாட இடையூறுகளும் அடியார் மனநிலையும்

பெறுதற்கரியது மானிடப் பிறவி என்று சைவ சமயம் எடுத்துரைக்கின்றது. அத்தகைய அரிய பிறவியைப் பெற்ற மனிதன் தனது வாழ்நாளில் பெரும்பகுதியை எதிலே செலவிடுகின்றான் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். பெரிய இன்பங்களும் பெரிய துன்பங்களும் ஒருவருடைய வாழ்வில் எண்ணக்கூடிய சில நாட்களிலேயே வந்து போகின்றன. எஞ்சிய நாட்கள் யாவும் சின்னஞ்சிறு விடயங்களால் ஆனவை. அச்சிறு விடயங்களை மனம் எவ்வாறு எதிர்கொள்கின்றது என்பதே ஒருவருடைய வாழ்வு இனித்ததா கசந்ததா என்பதைத் தீர்மானிக்கின்றது.

ஒரு வீட்டின் காலைப் பொழுதை எடுத்துக்கொள்வோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். விடியும்போதே மின்சாரம் இல்லை. தண்ணீர்த் தாங்கி வெறுமையாக இருக்கின்றது. கிணற்றில் அள்ளப் போன நேரத்தில் அடுப்பிலே பால் பொங்கி வழிந்துவிட்டது. பிள்ளையின் சப்பாத்து ஒன்றைக் காணவில்லை. பாடசாலைக்குச் செல்லும் பஸ் வண்டியின் சத்தம் சந்தியில் கேட்கின்றது. தாய் பிள்ளையை ஏசுகின்றாள். தகப்பன் தாயைக் கடிந்துகொள்கின்றார். திண்ணையில் இருக்கும் பாட்டனார் "எங்கட காலத்தில் இப்படியா" என்று தொடங்குகின்றார். பிள்ளை அழுத கண்ணுடன் படலையைத் தாண்டுகின்றது.

மாலையாகும்போது மின்சாரம் வந்துவிட்டது. தாங்கியில் தண்ணீர் நிறைந்துவிட்டது. சப்பாத்தும் கட்டிலுக்குக் கீழே இருந்து கிடைத்துவிட்டது. காலையில் வந்த இடையூறுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் காலையில் சொன்ன சொற்கள் மட்டும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. இடையூறு ஒரு நாழிகை இருந்து போயிற்று. அதற்கு மனிதர் கொடுத்த பதில் பல நாட்கள் தங்கிவிட்டது. இதுவே இங்கு சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

பெருந்துன்பம் தாங்கியவர் சிறு துன்பத்தில் தளர்வது ஏன்?

ஈழத்தின் வடபகுதி மக்கள் பொறுமை அறியாதவர்கள் அல்லர். 1990 முதல் 1995 வரையான பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரம் இன்றியே ஆண்டுகள் கழிந்தன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கின் ஒளியில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, கொட்டும் மழையில், இரவிரவாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடிமேல் அடிவைத்து நகர்ந்தார்கள். அந்த இரவிலும் முன்பின் அறியாதவருக்குத் தண்ணீர் கொடுத்தவர்களும், முதியவரைத் தாங்கி நடந்தவர்களும் உண்டு.

அதன் பின்பும் 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்றது. ஒரே நாளில் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களும் உண்டு. அவற்றையும் மக்கள் தாங்கிக்கொண்டார்கள்.

இவ்வளவையும் தாங்கிய அதே மனம், இன்று அரை மணி நேர மின்தடைக்குக் கொதிக்கின்றது. கைத்தொலைபேசியில் படம் தெளிவாக வராவிட்டால் சலிக்கின்றது. வங்கியில் தனக்கு முன்னே நால்வர் நின்றால் முகம் சுளிக்கின்றது. இதற்குக் காரணம் என்ன?

பெருந்துன்பம் வரும்போது மனிதன் தன்னைத் திரட்டிக்கொள்கின்றான். எல்லோருக்கும் வந்தது தனக்கும் வந்தது என்ற எண்ணம் அவனுக்குத் துணை நிற்கின்றது. இறைவனையும் அப்போது இடைவிடாது அழைக்கின்றான். சிறு துன்பம் வரும்போதோ இவற்றில் ஒன்றும் நிகழ்வதில்லை. அது தனக்கு மட்டும் வந்ததாகத் தோன்றுகின்றது. எல்லாம் தான் நினைத்தபடி நடக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பின் நடுவே அது வந்து தட்டுகின்றது. இவ்வளவு சிறிய விடயத்துக்கு இறைவனை நினைப்பதா என்று மனம் அதனைத் தானே கையாளப் புறப்பட்டுத் தோற்றுப்போகின்றது. வழியில் நிற்கும் பெரிய கல்லைக் கண்டு விலகி நடப்பவன், கண்ணுக்குத் தெரியாத நெருஞ்சி முள்ளில் கால் வைத்துத் துள்ளுவது போன்றதே இது.

வந்த வினையும் சேர்த்த வினையும்

சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுத்துக் கூறும். இதனை ஒரு கமக்காரனின் நெல்லைக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம். முன்னைய போகங்களில் விளைந்து கட்டிவைத்திருக்கும் நெல் சஞ்சிதம். அதிலிருந்து எடுத்து இன்று சமைத்து உண்பது பிராரத்தம். அடுத்த போகத்துக்காக இன்று விதைப்பது ஆகாமியம். உலையில் இட்ட அரிசி எப்படியும் உண்டு தீர்க்கவேண்டியதே. ஆனால் எதை விதைப்பது என்பது கமக்காரனின் கையில் இருக்கின்றது.

அன்றாட இடையூறும் அத்தகையதே. பஸ் வண்டி வராமற் போனது வந்து சேர்ந்த அனுபவம். அதனை வேண்டாம் என்று ஒருவராலும் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் அதனால் எழுந்த சினத்தை நடத்துனர் மீது கொட்டுவதோ, வீட்டுக்கு வந்து மனைவி மக்கள் மீது கொட்டுவதோ புதிதாக விதைத்த விதை. அனுபவித்துத் தீர்க்க வந்த ஒரு சிறு வினையை, மீண்டும் முளைக்கும் பெருவினையாக மாற்றிக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

திருக்குறளின் முதல் அதிகாரத்துக்கு உரை கண்ட பரிமேலழகர், துன்பங்கள் தன்னால் வருவன, பிற உயிர்களால் வருவன, தெய்வத்தால் வருவன என மூவகைப்படும் என விளக்குவார். ஒரு தொல்லை வந்தவுடன் அது இம்மூன்றில் எந்த வகை என்று ஒரு கணம் பார்ப்பது நல்ல பழக்கம். சப்பாத்தை இரவே எடுத்து வைக்காதது தன்னால் வந்தது, அதனைத் திருத்திக்கொள்ளலாம். அயலவரின் மாடு பயிரை மேய்ந்தது பிற உயிரால் வந்தது; பேசித் தீர்க்கலாம். உலரவிட்ட நெல்லின் மீது மழை பெய்தது தெய்வத்தால் வந்தது. ஏற்றுக்கொண்டு சாக்கால் மூடலாம். இவ்வாறு வகைப்படுத்தும்போதே சினத்தின் பாதி அடங்கிவிடும். தன் பிழைக்கு அயலவரையும், மழைக்கு வீட்டாரையும் நோகும் வழக்கமும் குறையும்.

நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒரே மனநிலையில் ஏற்கும் பக்குவத்தை இருவினையொப்பு என்பர். ஆன்மா முத்தியை நோக்கிச் செல்லும் வழியில் அடைய வேண்டிய உயர்ந்த நிலை அது. அந்நிலை ஒருநாளில் வாய்க்கக்கூடியதன்று. பொங்கி வழிந்த பாலிலும், தாமதித்த பஸ்ஸிலும் சிறிது சிறிதாகப் பழகாத மனம், மரணப் படுக்கையில் மட்டும் எவ்வாறு சமநிலை பெறும்?

மடத்தில் உணவு தாமதித்த வரலாறு

நாயன்மார்களின் வரலாற்றில் பெரிய அற்புதங்களை நினைவில் வைத்திருப்பவர்கள், அவற்றின் நடுவே வரும் சிறிய நிகழ்ச்சிகளைக் கவனியாது விடுவதுண்டு. திருவீழிமிழலையில் நடந்த ஒரு நிகழ்ச்சி அத்தகையது.

பஞ்சம் நிலவிய அக்காலத்தில் திருநாவுக்கரசருக்கும் திருஞானசம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு படியாக அருளினார். அக்காசைக்கொண்டு பொருள் வாங்கி இருவருடைய மடங்களிலும் அடியார்களுக்கு அமுது அளிக்கப்பட்டது. அப்பர் மடத்தில் உரிய நேரத்தில் உணவு ஆயிற்று. சம்பந்தர் மடத்திலோ நாள்தோறும் தாமதம். பசித்த அடியார்கள் காத்திருக்கின்றார்கள். இன்றைய அன்னதான மடம் ஒன்றில் இவ்வாறு நிகழ்ந்தால் சமையற்காரருக்கு என்ன ஏச்சு விழும் என்பதை யாவரும் அறிவர்.

சம்பந்தப் பெருமான் ஏசவில்லை. தாமதத்துக்குக் காரணம் என்ன என்று விசாரித்தார். தமக்குக் கிடைக்கும் காசுக்குக் கடைவீதியில் வாசி, அதாவது வட்டம், கேட்கின்றார்கள் என்பதும், அதனாலேயே பொருள் வாங்கத் தாமதமாகின்றது என்பதும் தெரியவந்தது. அப்பருடைய காசுக்கு வாசி இல்லை. அவர் உழவாரப் படை தாங்கிக் கைத்தொண்டு செய்பவர் என்பதையும் உணர்ந்துகொண்டார். பின்பு வாசி தீருமாறு இறைவனை வேண்டிப் பதிகம் பாடினார். குற்றமற்ற காசு கிடைத்தது. உணவும் நேரத்துக்கு ஆயிற்று.

இவ்வரலாறு இல்லறத்தாருக்குச் சொல்லும் பாடம் தெளிவானது. தாமதத்தைக் கண்டவுடன் ஆளைக் குற்றம் சொல்லாமல் காரணத்தைக் கேட்கவேண்டும். காரணம் தெரிந்தபின் மற்றவருடைய மேன்மையைப் பார்த்துப் பொறாமை கொள்ளாமல் தன் பக்கத்தில் உள்ள குறையைப் பார்க்கவேண்டும். அதன்பின் தீர்வைத் தேடவேண்டும்.

நள்ளிரவில் வந்த விருந்தினர்

இளையான்குடிமாற நாயனாரின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. செல்வம் யாவும் போய்விட்ட காலம். மழை கொட்டும் நள்ளிரவு. கணவனும் மனைவியும் உணவின்றி இருக்கும் வேளையில் அடியார் ஒருவர் வந்து கதவைத் தட்டுகின்றார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. கடன் தருவாரும் இல்லை. எந்த வீட்டிலும் முகம் வாடக்கூடிய தருணம் இது.

நாயனார் வந்தவருடைய நனைந்த மேனியைத் துடைத்து இருக்க இடமளித்தார். அன்று பகல் வயலில் விதைத்த முளைநெல்லை வாரி வந்தால் சமைக்கலாம் என்று வழி சொன்னவர் அவருடைய மனைவியார். இருளில், மழையில், காலால் தடவி வழியறிந்து சென்று நாயனார் அந்த நெல்லை அள்ளி வந்தார். விறகு இல்லை என்றபோது கூரையின் அலக்கை அறுத்துக் கொடுத்தார். கறிக்குத் தோட்டத்தில் முற்றாத இளம் பயிரைப் பறித்து வந்தார். அம்மையார் அதனையே பலவகைக் கறிகளாகச் சமைத்தார். வந்தவர் சிவபெருமானே என்பது இறுதியிலேயே தெரிந்தது.

அவர்கள் வந்தவர் இறைவன் என்று அறிந்து உபசரிக்கவில்லை. "இல்லை" என்று ஒவ்வொரு முறை வரும்போதும் "அப்படியானால் வேறு என்ன உண்டு" என்று தேடினார்கள். முறைப்பாடு சொல்வதில் செலவாகியிருக்கக்கூடிய நேரம் வழி தேடுவதில் செலவாயிற்று. நல்ல மனநோக்கு என்பது துன்பம் இல்லை என்று பாசாங்கு செய்வதன்று. கையில் மிஞ்சியிருப்பதைக் காணும் கண்ணே நல்ல மனநோக்கு. அம்மையாரும் நாயனாரும் ஒருவரையொருவர் நோகாமல் இயங்கியதையும் குடும்பத்தினர் கருத்திற் கொள்ள வேண்டும்.

மாற்றங்களை ஏற்கும் மனம்

இடையூறுகளுக்கு அடுத்தபடியாக மனிதரைச் சலிப்படையச் செய்வது மாற்றம். பழையதே நல்லது, புதியது யாவும் கேடு என்ற எண்ணம் வயதானோர் பலரிடம் உண்டு. பழையது யாவும் பயனற்றது என்ற எண்ணம் இளையோர் சிலரிடம் உண்டு. இரண்டும் மனத்தாங்கலையே வளர்க்கும்.

மாற்றத்தை எவ்வாறு ஏற்பது என்பதைக் கோயிலே கற்பிக்கின்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்துவது மரபு. அதற்கு முன் பாலஸ்தாபனம் செய்து, இறைவனைச் சிறிய இளங்கோயிலில் எழுந்தருளச் செய்வார்கள். விமானமும் மண்டபமும் உள்ள பெருமான் சில காலம் சிறு கொட்டகையில் இருந்து பூசையை ஏற்கின்றார். வழிபாடு மாத்திரம் தடைப்படுவதில்லை. இடம் மாறலாம், பூசை மாறாது என்பதே அதன் உட்பொருள்.

ஒரு காலத்தில் தீவட்டி ஒளியில் நடந்த திருவிழாக்கள் பின்பு பெற்றோமக்ஸ் வெளிச்சத்திலும், அதன்பின் மின்விளக்கிலும் நடந்தன. 2020 ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றுக் காலத்தில் பெருந்திரள் கூடாமல் மட்டுப்படுத்தப்பட்ட அடியார்களுடன் திருவிழாக்கள் நடந்தன. இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் பிள்ளைகள் கொடியேற்றத்தைக் கைத்தொலைபேசியில் நேரடியாகக் கண்டு வணங்குகின்றார்கள். வசந்தமண்டபப் பூசையின்போது கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடிப்பவரைக் கண்டு பின்னால் நிற்பவர் சினக்கின்றார். கடல் கடந்த நாட்டில் நோயுற்றிருக்கும் ஒரு தாய்க்காக அவர் அதைப் பிடித்திருக்கவும் கூடும். சற்று விலகி நின்று பிடித்தால் இருவருக்கும் தரிசனம் கிடைக்கும் என்பதை அன்பாகச் சொன்னால் அவரும் விலகுவார்.

எனினும் எல்லா மாற்றத்தையும் கண்மூடி ஏற்கவேண்டும் என்பதில்லை. நாதஸ்வரமும் தவிலும் ஒலித்த இடத்தில் இயந்திர மேளம் அடித்தால், பரம்பரையாக வந்த ஒரு கலை நலிவடையும். அதனை உரிய கூட்டத்தில், உரிய முறையில் எடுத்துரைப்பது அடியாரின் கடமை. உருவம் மாறினால் பொறுத்துக்கொள்ளலாம். சாரம் போகுமானால் பேசவேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே விவேகம்.

கோயில் வாசலில் குலையும் உறவு

சிறு மனத்தாங்கலின் விளைவு எவ்வளவு பாரதூரமானது என்பதைக் கோயில் வாசலிலேயே காணலாம். மகோற்சவ விஞ்ஞாபனத்தில் ஓர் உபயகாரரின் பெயர் அச்சுப் பிழையாக வந்துவிடுகின்றது. அல்லது காளாஞ்சி கொடுக்கும்போது ஒருவருக்கு முன் மற்றொருவருக்குப் போய்விடுகின்றது. அர்ச்சனையில் நட்சத்திரம் மாறிச் சொல்லப்படுகின்றது. இவை எல்லாம் அவசரத்தில் நிகழும் மனிதத் தவறுகள். ஆனால் அன்று வெளிநடந்த ஒருவர் அடுத்த ஆண்டு வருவதில்லை. அவருடைய பிள்ளைகளும் வருவதில்லை. சகோதரர் வீட்டுக் கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் போகாத நிலை உருவாகின்றது. ஒரு தலைமுறை தேர் வடத்தைத் தொடாமலே வளர்ந்துவிடுகின்றது. இவ்வளவுக்கும் காரணம் ஓர் எழுத்துப் பிழை.

இதில் இழந்தவர் யார்? கோயில் மணி அன்றும் ஒலித்தது. தேரும் இருப்புக்கு வந்தது. மனத்தாங்கலை வளர்த்துக்கொண்டவரே தரிசனத்தையும் உறவையும் இழந்தார். தவறு செய்தவர் தாமதியாது மன்னிப்புக் கேட்பதும், தவறுக்கு ஆளானவர் மறந்துவிடுவதும் பெருந்திருவிழா உபயத்திலும் சிறந்த உபயங்களாகும்.

பொறுக்கத் தகாதவை

சிறு இடையூறுகளைப் பற்றிச் சொன்னவற்றை எல்லாத் துன்பத்துக்கும் பொருத்தலாகாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமும், காணாமற்போனவருக்காகக் காத்திருப்பவரிடமும் சென்று மகிழ்ச்சியாக இருக்கும்படி உபதேசிப்பது இரக்கமற்ற செயல். அங்கு வேண்டியது உபதேசம் அன்று, அருகில் இருப்பதே. அவ்வாறே வீட்டில் அடி உதைபடும் பெண்ணிடமோ, குடிப்பழக்கத்தால் சீரழியும் குடும்பத்திடமோ பொறுத்துக்கொள்ளச் சொல்வது அறமாகாது. அநீதியைத் தடுப்பது வேறு. அற்ப விடயத்தில் ஆத்திரப்படாமை வேறு. அற்பத்தில் வீணாகாத மனவலிமையே அநீதியை எதிர்க்கத் தேவையான இடத்தில் உதவும்.

நாளாந்தம் பழகத்தக்கவை

1. சினம் எழுந்தவுடன் பதில் சொல்லாமல் திருவைந்தெழுத்தை மனதுக்குள் ஐந்து முறை ஓதுதல். அதற்குச் செல்லும் சில கணங்களிலேயே பல கடுஞ்சொற்கள் நாவில் இருந்து இறங்கிவிடும்.

2. காலையில் விபூதி தரிக்கும்போது, இன்று நினைத்தபடி நடவாத சில காரியங்கள் நிச்சயம் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுதல். எதிர்பார்த்த விருந்தாளி வந்தால் வீடு கலங்குவதில்லை.

3. திருத்தக்கூடியதை அன்றே திருத்துதல். ஒழுகும் குழாயைப் பற்றி ஒரு மாதம் முறைப்பாடு சொல்வதிலும் ஒரு நாளில் வாசரை மாற்றுவது மேல்.

4. கந்தசஷ்டி முதலிய விரத நாட்களில் உணவோடு கடுஞ்சொல்லையும் விலக்குதல். மாமரமாய் நின்ற சூரனை இருகூறாக்கிய முருகப்பெருமான், அக்கூறுகளை மயிலாகவும் சேவலாகவும் ஆட்கொண்டதைக் கந்தபுராணம் கூறும். எதிர்த்து வந்ததையும் தொண்டுக்கு உரியதாக்கலாம் என்பது அதன் படிப்பினை.

5. இரவு படுக்கும் முன் குடும்பத்தவர் ஒன்றாகத் தேவாரம் ஓதி, அன்று கிடைத்த நன்மை ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லுதல். பகலின் கசப்பு மறுநாள் வரை நீளாது.

நல்லூர்த் தேரடியில் உலாவிய செல்லப்பா சுவாமிகளிடம் இருந்து யோகர் சுவாமிகள் பெற்று உலகுக்கு அளித்த மகாவாக்கியங்களுள் "ஒரு பொல்லாப்பும் இல்லை" என்பதும் ஒன்று. 1872 முதல் 1964 வரை வாழ்ந்த யோகர் சுவாமிகளின் கொழும்புத்துறை ஆச்சிரமத்துக்குக் கவலைகளைச் சுமந்து சென்ற பலர், மனம் தெளிந்து திரும்பினர். உலகில் துன்பமே இல்லை என்பது அதன் பொருளன்று. எந்தத் துன்பமும் ஆன்மாவின் வேரைத் தொடமுடியாது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

தேர்த் திருவிழாவன்று தேர்ச் சில்லுக்கு முட்டுக்கட்டை இடுவோரை யாவரும் பார்த்திருப்பர். முட்டுக்கட்டை என்றாலே தடை என்பதுதான் பொதுவழக்கு. ஆனால் வீதியின் மூலையில் அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் திரும்பாது; மதிலில் மோதும். உரிய இடத்தில் இட்ட தடையே தேரை நெறிப்படுத்தி இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றது. வாழ்க்கைத் தேரின் சில்லில் விழும் சிறு கட்டைகளையும் இறைவன் அறியாமல் எவரும் இடுவதில்லை என்ற தெளிவோடு, வடத்தைக் கைவிடாது, உடன் இழுப்போரைக் கடிந்துகொள்ளாது அடியார்கள் முன்செல்வார்களாக. எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் யாவருக்கும் சித்திப்பதாக.

மேன்மைகொள் அமைதி இல்லந்தோறும் நிலவுக.